ரத்தப் பேப்பரம்மா

அவர் வேறு யாருடைய விரலையும் முதலில் குத்தியதில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்ததும், ஸ்பிரிட் பஞ்சால் தன் இடதுகை விரலொன்றைத் துடைப்பார். எல்லோரும் பார்த்திருக்கத் தன்னையே குத்திக்கொள்வார். பிதுங்கும் சொட்டைத் தடித்த வெள்ளைப் பேப்பரின் முதல் கட்டத்தில் ஒற்றியெடுப்பார். இரண்டாவது கட்டம் என்னுடைய ரத்தத்துக்கு. மூன்றாவது கட்டத்திலிருந்துதான் தோட்டத்துச் சனம்.

சனத்துக்குத் தைரியம் கொடுக்கத்தான் அப்படிச் செய்கிறார் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். தோட்டத்திலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். காரணம் வேறு என்பது பின்னால் தெரிந்தது.

எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் ரத்தப் பேப்பரம்மா. அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். யாராவது மரியாதையாக 'டொக்டரம்மா' என்று கூப்பிட்டால்தான் திருத்துவார். ஆராய்ச்சி செய்து வாங்கிய டொக்டர் பட்டம் வேறு, மருந்து கொடுக்கிற டொக்டர் வேறு என்று வழியில் நின்று விளக்குவார். ரத்தப் பேப்பரம்மா என்பதைத் திருத்தியதே இல்லை. அது உண்மைதானே என்பார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பெரகலையிலிருந்து வெல்லவாயப் பக்கம் இறங்கும் பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சனத்துக்கு மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்தேன். தோட்டத்தின் மேற்பக்கம் குளிர். கீழ்ப்பக்கம் காடு, அதற்கும் கீழே வெக்கை நாடு. தேயிலைக் கொழுந்து குறைந்து வேலைநாள் கிடைக்காத மாதங்களில் சனம் கரும்பு வெட்டக் கீழே இறங்கிப் போகும். திரும்பும்போது சிலர் பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டு வருவார்கள். மலேரியாவா, வேறு காய்ச்சலா, மலேரியா என்றால் எந்த வகை என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்கலாம். நான் கண்ணாடித் துண்டில் ரத்தம் பூசி டவுனுக்கு அனுப்புவேன். மலைப்பாதை, பஸ், அங்கே குவிந்திருக்கும் மற்றத் தோட்டங்களின் கண்ணாடிகள் என்று எல்லாம் தாண்டி முடிவு வருவதற்குள் ஆள் தானாகத் தேறியிருப்பார். அல்லது நாங்கள் அடக்கம் பண்ணிவிட்டு வந்திருப்போம்.

அந்தக் காத்திருப்பை இல்லாமல் செய்வதற்குத்தான் அவர் கொழும்பிலிருந்து வந்தார். என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்துக்கு முன்பின். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தகப்பன் பதுளையில் கிளார்க்காக இருந்தவர், இவரும் பதுளையில் படித்து வளர்ந்தவர். அந்தப் பாசத்தினால்தான் பதுளை இருக்கும் ஊவா மாகாணத்தைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று ஒருமுறை கேட்டேன். இல்லை என்றார். காய்ச்சல் இல்லாத மலையும் காய்ச்சல் உள்ள பள்ளமும் ஒரே பஸ் பாதையில் இருப்பது ஆராய்ச்சிக்கு வசதி, அவ்வளவுதான் என்றார். அவரிடம் இனிப்பான பதிலை எதிர்பார்க்கக் கூடாது. குழந்தைகளின் கன்னத்தைத் தட்டிக் கொஞ்சமாட்டார். சாப்பிட்டீர்களா என்று கேட்கமாட்டார். நான் ஒரு கண்ணாடித் துண்டைப் பெருவிரல் பதியப் பிடித்துவிட்டேன் என்று சனத்தின் முன்னாலேயே ஏசியிருக்கிறார்.

முதல் வருகையில் யாரும் விரல் கொடுக்கவில்லை. பெண்கள் கதவருகே நின்று பார்த்தார்கள். கடைசியில் மூக்காயி என்ற கொழுந்து பறிக்கும் பெண் முன்னால் வந்தார். ஐம்பது தாண்டியவர், லயத்தில் அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். அவர் கேட்ட கேள்விதான் எல்லோர் மனதிலும் இருந்தது.

"பேப்பர்ல ரத்தத்த எடுத்துட்டுப் போயி, யாரு இந்தியாவுக்குப் போகணும், யாரு இங்க இருக்கலாம்னு பாப்பாங்களாமே. உண்மைங்களா?"

அதற்கு முந்திய வருடங்களில்தான் இந்தியாவோடு செய்த ஒப்பந்தம் என்று சொல்லிக் குடும்பம் குடும்பமாகக் கப்பலில் அனுப்ப மன்னாருக்கு ரயில் ஏற்றியிருந்தார்கள். நான் சமாதானம் சொல்ல வாயைத் திறந்தேன். ரத்தப் பேப்பரம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"ரத்தத்தில நாடு தெரியாதம்மா. நீங்கள் எந்த நாடு, நான் எந்த நாடு எண்டு அதில எழுதி இல்லை. பூச்சி இருக்கோ இல்லையோ, அதைத்தான் நான் பாக்கிறன்."

"இருந்தா?"

"டிஸ்பென்சர் மருந்து தருவார்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டியும் வந்து சொல்லுவன்."

அந்தக் கடைசிப் பதில்தான் மூக்காயியைப் பிடித்தது. எங்களிடம் வந்து பேரையும் ஊரையும் எழுதிக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். திரும்பி வந்து இன்னது என்று சொன்னவர் கிடையாது. மூக்காயி சாக்கில் உட்கார்ந்து கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது.

ரத்தப் பேப்பரம்மா செய்துகொண்டிருந்த வேலை எனக்கே முதலில் விளங்கவில்லை. விளங்க வைத்தவை சட்டைப் பொத்தான்கள். பண்டாரவளையில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் துணிக்கடையில் சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என்று நாலு நிறத்திலும் ஒரே அளவுப் பொத்தான்கள் வேண்டும் என்று கேட்டு, கடைக்காரரை அலுமாரி முழுக்கக் கிளற வைத்தார். என்ன சட்டைக்கு என்று அவர் கேட்டதற்கு மலேரியாவுக்கு என்று இவர் பதில் சொன்னார். அந்த முதலாளி பல வருடம் கழித்தும் என்னைக் கண்டால் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்.

பொத்தான்களை நூலில் கோத்து லயத்து வாசலில் விரித்துக் காட்டினார். உயிருள்ள எதற்குள்ளும் இப்படி ஒரு நீண்ட மாலை இருக்கிறது. அதில் நாலே வகைப் பொத்தான்கள். சிவப்புக்கு எதிரே நீலம்தான் பொருந்தும், மஞ்சளுக்கு எதிரே வெள்ளைதான் பொருந்தும். மனிதனுடைய மாலையில் இல்லாத, மலேரியாப் பூச்சியின் மாலையில் மட்டும் திரும்பத் திரும்ப வருகிற ஒரு துண்டு உண்டு. அந்தத் துண்டுக்குச் சோடியான எதிர்த் துண்டை அவர் தானே திட்டமிட்டு வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் செய்விக்கிறார். பேப்பரில் காய்ந்த ரத்தத்தின்மேல் அதை விட்டால், தன் சோடி இருக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் கழுவும்போது போய்விடும். அதோடு கதிர்வீசும் பொருளொன்றையும் சேர்த்திருப்பதால், ஒட்டிய இடம் எக்ஸ்ரேப் படத்தில் கறுப்புப் பொட்டாக விழும். கண்ணாடியை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு லயத்தின் ரத்தம் முழுவதையும் ஒரே படத்தில் பார்த்துவிடலாம்.

கூட்டத்தில் ஒருத்தி, சோடி மாறி ஒட்டிக்கிட்டா என்னங்க செய்வீங்க என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தன்னுடைய பயமும் அதுதான் என்று சொல்லிவிட்டுப் பொத்தான்களை டின்னில் அள்ளிப் போட்டார்.

அந்தப் பயம் பலித்தது. சில மாதம் கழித்து முதல் எக்ஸ்ரேப் படத்தோடு டிஸ்பென்சரிக்கு வந்தார். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார். காய்ச்சல்காரர்களின் கட்டங்கள் நல்ல கறுப்பு. ஆனால் மற்றக் கட்டங்களும் சும்மா இல்லை, மங்கலாகச் சாம்பல் பூத்திருந்தன. முதல் கட்டமும் இரண்டாவது கட்டமும் அப்படித்தான். எனக்கும் மலேரியாவா என்று கேட்டேன்.

"உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. இது பொய் சொல்லுது" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காய்ச்சலே இல்லாத எங்கள் இருவரின் ரத்தமும் பேப்பரில் ஏறியது அவருடைய கருவியைக் காவல் காப்பதற்கு. எங்கள் கட்டம் வெறுமையாக இருக்கும் வரைதான் மற்றக் கட்டங்களை நம்பலாம்.

வெளிநாட்டில் அவருக்கு மேலே இருந்த ஆராய்ச்சியாளர் இதைப் பெரிதாக எடுக்கவில்லையாம். மங்கலை விட்டுவிடு, கறுப்பை மட்டும் கணக்கில் எடு, கட்டுரையை எழுது என்றாராம். இரண்டு வருட உழைப்பு. இந்தக் கட்டுரை வந்தால் அவருக்கு நல்ல பதவியொன்று கிடைத்திருக்கும். நான் கூட, அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்றேன்.

"மங்கலுக்கும் கறுப்புக்கும் நடுவில நான் கோடு கீறினால், அந்தக் கோடு என்ர ஆசைக்குத்தான் கீறுப்படும்" என்றார்.

பொத்தான் மாலையின் முடிச்சை நகத்தால் அவிழ்த்தார். பொத்தான்கள் ஒவ்வொன்றாக டின்னுக்குள் விழுந்தன. பிறகு அந்த மேசையிலேயே புதிதாகக் கோக்கத் தொடங்கினார். பழைய துண்டின் ஒரு முனை மனித மாலையிலும் அரைகுறையாகப் பொருந்துகிறது என்று பின்னால் கண்டுபிடித்தார். முனையை மட்டும் நறுக்கினால் போதாதா என்றதற்கு, பிழை முனையில் மட்டும்தான் என்பது எப்படித் தெரியும் என்று கேட்டார். முழுத் துண்டையும் கைவிட்டார்.

அவரைப் பற்றி நான் அறிந்த சொந்த விஷயம் மிகக் குறைவு. எண்பத்துமூன்று கலவரத்தில் கொழும்பில் அவர்கள் இருந்த வாடகை வீடு எரிந்தது. புத்தகங்கள், படங்கள் எல்லாம் அதோடு போயின. அண்ணன் குடும்பம் லண்டனுக்குப் போய்விட்டு இவரையும் வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தது. பதுளையிலிருந்தும் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் வடக்குக்கும் வெளிநாட்டுக்கும் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், இவர் எதிர்ப்பக்கமாக எங்கள் மலைக்கு ஏறி வந்துகொண்டிருந்தார். பயமில்லையா என்று நான் கேட்டபோது, இருக்கிறது என்றார். பஸ்ஸில் யாராவது பெயர் கேட்டால் கை வியர்க்கும் என்றார். வந்த வேலை முடியவில்லையே என்று சொல்லி அதோடு அந்தப் பேச்சை நிறுத்தினார்.

புதிய துண்டு ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. துண்டு தயாரானபோது அந்தக் கதிர்வீசும் பொருள் இல்லை. அது விமானத்தில் வர வேண்டும். வந்த நாளிலிருந்தே அதன் சக்தி குறைந்துகொண்டு போகும், இரண்டு வாரத்தில் பாதிதான் மிஞ்சும். ஒருமுறை பெட்டி வந்து சேர்ந்த சமயம் ஊரடங்குச் சட்டம். அவர் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டிக்குள் இருந்தது எதற்கும் உதவவில்லை. அடுத்த பெட்டிக்கு எழுதிப் போட்டுவிட்டு, இருந்த நேரத்தில் எங்கள் தோட்டத்துக்கு வந்து புது ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்.

கடைசியில் படம் வந்தது. அவருடைய கட்டமும் என்னுடைய கட்டமும் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவரோ ஒரு கறுப்புப் பொட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு, இது யார் என்று கேட்டார்.

அது செல்வியுடைய ரத்தம். செல்வி மூக்காயியின் மருமகள், அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். அவளுக்குக் காய்ச்சல் இல்லை. அதே நாளில் டவுனுக்கு அனுப்பிய கண்ணாடியிலும் ஒன்றும் இல்லை என்றே முடிவு வந்திருந்தது. ஆனால் படத்தில் மட்டும் பொட்டு கறுப்பாக விழுந்திருந்தது.

முந்திய வருடம் செல்விக்கு ஒரு கரு ஆறாம் மாதத்தில் கலைந்திருந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்பு காய்ச்சலுக்காகக் குளோரோகுயின் கொடுத்திருந்தோம். கலைத்தது காய்ச்சல் என்று நான் நம்பினேன். கலைத்தது அந்தக் கசப்பு மாத்திரை என்று மூக்காயி நம்பினார். படத்தின் செய்தியை நாங்கள் போய்ச் சொன்னதும் அவர் மருமகளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு வாசலில் நின்றார்.

"காச்சலும் இல்ல, தலையிடியும் இல்ல. கண்ணாடியில ஒன்னும் இல்லைன்னு டவுன்லயே சொல்லிட்டாங்க. ஒங்க பேப்பர் சொல்லுதுன்னு மாத்திரையக் குடுத்து, இந்தப் புள்ளையும் போச்சுன்னா நீங்க என்னங்க சொல்லுவீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. ரத்தப் பேப்பரம்மாவுக்கு வரவில்லை. லயத்துப் படியால் இறங்கும்போது, மூக்காயி கேட்பது சரிதான் என்றார். போன தடவை இதே பேப்பர் எங்கள் இருவரையும் நோயாளியாக்கியது. அதை நம்பி ஒரு கர்ப்பிணிக்கு மருந்து கொடு என்று தான் சொல்ல முடியாது. அப்படியென்றால் விட்டுவிடலாமா என்று கேட்டேன். பேப்பர் சொல்வது உண்மையாக இருந்தால், பூச்சி நஞ்சுக்கொடியில் ஒளிந்திருக்கும், விரல் ரத்தத்தில் எப்போதாவது ஒன்றிரண்டுதான் வெளியே வரும், அதற்குள் குழந்தைக்குப் போகிற சத்தை எல்லாம் அது தின்றுவிடும் என்றார். வெளியே வரும் அந்த ஒன்றைக் கண்ணால் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் தன் பேப்பர்தான் பிழை.

அடுத்த நாள் காலையில் போய், தினமும் ஒரு சொட்டு ரத்தம் மட்டும் எடுக்க விடுவீர்களா என்று மூக்காயியிடம் கேட்டார். உள்ளேயிருந்து செல்விதான் பேசினாள்.

"எடுக்கட்டும் அத்த. எனக்கும் தெரியணும்."

அதன்பிறகு கொஞ்ச நாள் ரத்தப் பேப்பரம்மா கொழும்புக்குத் திரும்பவில்லை. பண்டாரவளையில் ஒரு அறை எடுத்துத் தங்கினார். காலை பஸ்ஸில் தோட்டத்துக்கு வருவார், செல்வியின் ரத்தத்தைக் கண்ணாடியில் தடிப்பாகப் பூசிக்கொண்டு பதுளைக்குப் போவார். அங்கே தெரிந்தவர் ஒருவரின் ஆய்வுகூடத்தில் ஜன்னலோரம் இடம் கொடுத்திருந்தார்கள். மறுநாள் வந்து, இல்லை என்பார். மறுபடி எடுப்பார். தோட்டத்தில் சிலர் முகத்துக்கு நேரேயே சிரிக்கத் தொடங்கினார்கள். ஒருநாள் நானும் கூடப் போனேன். சாயம் காய்ந்ததும் மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர், வயல் உழுகிறவரைப் போல ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை போய், சற்றே நகர்த்தி, மறுபடி இந்த ஓரத்துக்கு வந்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே கழுத்து வலித்தது. ஒருவேளை பேப்பர்தான் பிழையோ என்றேன்.

"இருக்கலாம்" என்றார், தலையைத் தூக்காமல். "அதையும் கண்டுபிடிக்கத்தானே வேணும்."

அன்றும் கிடைக்கவில்லை. அந்த வாரம் முடியும் முன் ஒரு மத்தியானம், டிஸ்பென்சரிக்கு ஆள் அனுப்பி என்னைப் பதுளைக்கு வரச்சொன்னார். நான் போனதும் ஒன்றும் சொல்லவில்லை, நாற்காலியை விட்டு எழுந்து என்னைப் பார்க்கச் சொன்னார். எங்கே பார்க்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. நான் தேடித் தேடி, மலேரியாப் பூச்சியின் அடையாளமான ஒரு சிறு வளையத்தைக் கண்டேன். பக்கத்தில் இன்னொன்று. எழுந்து அவர் முகத்தைப் பார்த்தேன். ஆய்வுகூடத்து ஆளையும் பார்க்க வைத்து, அவரும் கண்டதாகச் சொன்ன பிறகுதான் பெருமூச்சு விட்டார். இனி மருந்து கொடுக்கலாம் என்று நான் கிளம்பினேன். பொறுங்கள், கேள்வி கேட்டவர் இன்னும் பார்க்கவில்லையே என்றார்.

மறுநாள் மூக்காயியைப் பஸ் ஏற்றிப் பதுளைக்குக் கூட்டிவந்தோம். ஹப்புத்தளை வளைவுகளில் அவருக்கு வாந்தி வந்தது. ஆய்வுகூடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்க அவருக்கு வரவில்லை. இவர் பின்னால் நின்று தன் உள்ளங்கையால் அவருடைய இடக்கண்ணைப் பொத்திக்கொண்டார். யாரையும் அவர் அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை.

வெகு நேரம் கழித்து மூக்காயி சொன்னார்: "கல்லு வச்ச மோதரம் மாதிரி ஒன்னு இருக்குங்க."

"அதுதான்."

"இது என் மருமக ரத்தந்தானா?"

"ஓம். நேற்றுக் காலமை நீங்கள் பாத்திருக்க எடுத்தது."

திரும்பி வந்து தோட்டத்து முனையில் இறங்கும்போது மூக்காயி என்னிடம், மாத்திரையைச் சோத்துக்கு முன்ன குடுக்கணுமா பொறகா என்று மட்டும் கேட்டார்.

மருந்து கொடுத்தோம். முதல் வேளையைச் செல்வி வாந்தியெடுத்தாள். மூக்காயி அவள் தலையைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் தடவை கொடுக்கச் சொன்னார். மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவுதான், ஆனால் அழுகைச் சத்தம் அடுத்த லயம் வரை கேட்டது. செய்தி தெரிந்ததும் அவர் கொழும்பிலிருந்து வந்தார். குழந்தைக்கு ஒரு சட்டை கொண்டுவந்து கொடுத்தார். குழந்தையைத் தூக்கச் சொன்னபோது, தனக்குப் பிடிக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

கண் கண்டுபிடிக்கத் தவறியதைப் பேப்பர் கண்டுபிடித்துவிட்டது. வேறு ஒருவராக இருந்தால் அதோடு வெற்றி என்று கொண்டாடியிருப்பார். இவர் செய்தது என்னவென்றால், தோட்ட மனேஜரான துரையிடம் அனுமதி வாங்கி, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் ஒருநாள் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார். எடுத்த ரத்தத்துக்கெல்லாம் என்ன முடிவு என்று ஒவ்வொரு வீடாகச் சொன்னார். பேப்பர் இப்போது உண்மை சொல்கிறது என்றார். பிறகு சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் படத்தை எடுக்கக் கொழும்பு வேண்டும், விமானத்தில் வரும் பெட்டி வேண்டும், வந்ததும் பழுதாகிற அந்தக் கதிர்வீசும் பொருள் வேண்டும். இதெல்லாம் கூடிவருவதற்குக் கண்ணாடி முடிவு வருவதை விட அதிக நாள் ஆகிறது.

"உங்கட காத்திருப்பைக் குறைக்க எண்டு வந்தனான். இதால இண்டைக்கு அது குறையாது" என்றார்.

கூட்டத்திலிருந்து ஒரு இளைஞன், அப்ப எங்களுக்கு என்னங்க கெடச்சுச்சு என்று கேட்டான். கங்காணி அவனை அதட்டினார். இவர் கங்காணியைத் தடுத்தார். இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஒன்று கிடைக்கும் வரை விடமாட்டேன் என்றார்.

சொன்னபடி செய்தார். அடுத்த வருடத்துக் கதிர்ப்பெட்டிகளுக்கென்று வெளிநாட்டு நிறுவனம் ஒதுக்கியிருந்த பணத்தில் எங்கள் டிஸ்பென்சரிக்கு ஒரு மைக்ராஸ்கோப் கேட்டார். அவர்கள் மறுத்தார்கள். பேப்பர் சரியா பிழையா என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த இடத்திலேயே மைக்ராஸ்கோப் இல்லாமல் முடியாது என்று வாதாடி வாங்கினார். கண்ணாடி பார்க்கும் பயிற்சிக்கு என்னைப் பதுளைக்கு அனுப்ப, தோட்ட நிர்வாகத்தோடும் சண்டை பிடித்தார். இதனால் அவருடைய பேப்பர் வேலை ஒரு வருடம் நின்றது. அதற்குள் இதே யோசனையை வேறு நாட்டில் வேறு ஒரு குழு செய்து முடித்துக் கட்டுரை வெளியிட்டுவிட்டது. அந்தக் கட்டுரையை அவர் என் டிஸ்பென்சரி வாங்குப் பலகையில் உட்கார்ந்து, கையில் பென்சிலோடு பிழை தேடிப் படித்தார். வாசித்து முடித்துப் பென்சிலைக் கீழே வைத்தார். நல்ல வேலை, சரியாகச் செய்திருக்கிறார்கள் என்றார்.

அவர் பிறகு லண்டனுக்குப் போனார் என்றும், அங்கே வேறொரு நோய்க்கு இதே மாதிரித் துண்டுகள் செய்யும் வேலையில் இருந்தார் என்றும் கேள்விப்பட்டேன். நோயைக் காட்டுவதோடு நிற்காமல், பூச்சியின் மாலையில் போய் ஒட்டி அதன் வேலையையே நிறுத்தும் துண்டு செய்ய முடியுமா என்று அவர் இங்கே இருந்தபோதே யோசித்துக்கொண்டிருந்தார். அது கைகூடியதா என்று தெரியாது. அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மைக்ராஸ்கோப் வந்த வருடத்துக் கரும்பு வெட்டுக் காலம்தான்.

கீழே போயிருந்த ஒரு குடும்பம் திரும்பி வந்த இரண்டாம் நாள், அவர்களுடைய மகளை வலிப்போடு தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஆறேழு வயதுப் பிள்ளை. அன்று அவரும் தோட்டத்தில் இருந்தார். நான் ரத்தத்தைப் பூசிச் சாயம் போட்டுப் பார்த்தேன். தேட வேண்டியிருக்கவில்லை, எங்கே பார்த்தாலும் வளையங்கள். கெட்ட வகை மலேரியா, மூளைக்கு ஏறியிருக்கிறது. ஒரு குயினைன் ஊசி போட்டேன். அதற்கு மேல் பதுளைப் பெரியாஸ்பத்திரியில்தான் பார்க்கலாம்.

தோட்ட லொறி தேயிலைப் பெட்டி ஏற்றி நின்றது. துரை ஊரில் இல்லை. பெட்டிகளை இறக்கித் தாமதமானால் தன் வேலை போய்விடும் என்றார் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர். அவர் ஏச்சுக்குப் பயந்த மனிதர், கெட்டவர் அல்ல. ரத்தப் பேப்பரம்மா லொறியின் பின்பலகையைத் தானே கழற்றத் தொடங்கினார்.

"தேயிலை நாளைக்கும் போகலாம். பிள்ளை இண்டைக்குப் போகோணும். துரை வந்தால் நான் இறக்கினதெண்டு சொல்லுங்கோ" என்றார்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற டீமேக்கர் சட்டைக் கையை மடித்துவிட்டு வந்து பெட்டியைத் தூக்கினார். அதன்பிறகு எல்லோரும் தூக்கினார்கள்.

தாய் அழுது சோர்ந்திருந்ததால் பிள்ளையை அவரே மடியில் வைத்துக்கொண்டார். பெரகலை ஏற்றத்தில் மறுபடி வலிப்பு வந்தது. நாக்கைக் கடிக்காமல் எப்படிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் பதுளை வரை அப்படியே அசையாமல் பிடித்திருந்தார். நாங்கள் கண்ணாடியையும் கொண்டுபோயிருந்ததால் ஆஸ்பத்திரியில் டொக்டர் அதை ஒருதரம் பார்த்துவிட்டு உடனே சேலைனோடு மருந்தை ஏற்றினார். எதற்கும் காத்திருக்கவில்லை. டிஸ்பென்சரியைத் திறக்க வேண்டும் என்பதால் நான் லொறியிலேயே திரும்பினேன். அவர் தாயோடு தங்கிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் வரை செய்தி இல்லை. பிள்ளையின் தகப்பன் வேலைக்குப் போகாமல் டிஸ்பென்சரிப் படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு மணி பஸ் முனையில் நின்று போகும் சத்தம் கேட்டது. ரத்தப் பேப்பரம்மா குடையில்லாமல் வெயிலில் நடந்து வந்தார். சேலை முழுக்கக் கசங்கிக் கிடந்தது. தகப்பன் எழுந்து நின்றார்.

"முழிச்சிட்டாள்" என்றார் இவர். "ரொட்டி கேக்கிறாள். ஆஸ்பத்திரியில கஞ்சிதான் குடுக்கினம் எண்டு கோவம்."

தகப்பன் படியிலேயே மறுபடி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இவர் உள்ளே போய் முகத்தைக் கழுவினார். நான் கொடுத்த வெறுந்தேத்தண்ணியை நின்றபடியே குடித்தார். பிறகு வெளியே வந்து தகப்பனின் பக்கத்தில் குந்தினார்.

"கரும்புத் தோட்டத்தில உங்களோட ஆர் ஆர் இருந்தவை? எல்லாற்ற ரத்தத்தையும் இண்டைக்கே பாப்பம்."

தகப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். எந்தெந்த வீடு என்று காட்ட எங்களுக்கு முன்னால் லயத்துப் பக்கம் இறங்கி நடந்தார்.